கேள்விச் சீட்டைத் திருப்பித் தந்தவருக்கு நன்றி

மரபணுவும் மனித நலமும் பற்றிய பொது உரைகளை நடத்தியவர்களுக்கும் பேசியவர்களுக்கும் கூட உட்கார்ந்து கேட்டவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டில் இத்தனை நாளும் என்ன பாடு என்பது உங்களுக்குத் தெரியும். திரும்பச் சொல்லப்போவதில்லை. அக்காவின் மரபணுச் சோதனைக்குத் திருத்திய ரிப்போர்ட் வந்துவிட்டது, புற்றுநோய்க்குப் பயந்து யோசித்த அறுவை சிகிச்சை அவளுக்குத் தேவையில்லை. மனசு ஆறிய பிறகு எழுதினால் சம்பிரதாயக் கடிதமாகிவிடும் என்று இப்போதே எழுதுகிறேன். அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்குக் கேள்விச் சீட்டுகளை வாங்கி மைக்கில் படித்த அம்மாவுக்குத்தான் முதல் நன்றி. அக்கா இருந்த நிலையில் அத்தையின் பெயர், நோய் வந்த வயது, தன் பெயர், ரிப்போர்ட் எண் என்று எல்லாவற்றையும் அந்தச் சீட்டில் கொட்டியிருந்தாள். அந்த அம்மா அதை வாய்க்குள் ஒருமுறை படித்தார். பேனாவை எடுத்து வரி வரியாக அடித்தார். பிறகு மைக்கில், “ஒரு வீட்டில் அப்பாவின் சகோதரிக்கு மார்பகப் புற்றுநோய். நோய் இல்லாத அடுத்த தலைமுறைப் பெண்ணுக்கு பிஆர்சிஏ2 மரபணுவில் ‘விளைவு தெளிவில்லாத மாற்றம்’ என்று வந்திருக்கிறது. என்ன செய்யலாம்?” என்று கேட்டார். (தீங்கான மாற்றம் இருந்தால் மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் மரபணு அது.) எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. மற்ற சீட்டுகளெல்லாம் மேசையிலேயே கிடந்தன. எங்களுடையதை மட்டும் நாலாக மடித்துக் கொண்டுவந்து, “இது உங்ககிட்டயே இருக்கட்டும்மா” என்று அக்கா கையில் வைத்துவிட்டுப் போனார்.

அதன் அருமை எனக்குப் பிறகுதான் உறைத்தது. சர்க்கரை அளவு என்றால் அது ஒருவரோடு போய்விடும். மரபணு ரிப்போர்ட் அப்படியில்லை. அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோரைப் பற்றியும் அது பேசுகிறது, அவர்களைக் கேட்காமலேயே. அத்தை தன் நோயை நெருங்கிய உறவுக்குக்கூடச் சொல்லாதவர். அவர் பெயர் அரங்கில் ஒலித்திருந்தால் அடுத்து ரத்தம் கொடுக்கச் சம்மதித்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

அவருடைய ரத்தம்தானே வழி காட்டியது! அப்பா வழி உறவு கணக்கில் வராது என்று எங்களிடம் சொல்லாதவர்கள் குறைவு. அந்த மாதிரி மாற்றம் ஆண்களிடமும் இருக்கலாம், இருந்தால் பிள்ளைக்குப் போக 50 சதவீத வாய்ப்பு என்று பேச்சாளர் நேராகச் சொன்னார். மனித ஜீனோமில், அதாவது நம் முழு மரபுத் தொகுப்பில், சுமார் 300 கோடி டிஎன்ஏ எழுத்துகள். மாதிரி ஜீனோமோடு ஒப்பிட்டால் யாரை எடுத்தாலும் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் வேறுபாடு இருக்கும், பெரும்பாலானவை தீங்கில்லாதவை. அதனால் ‘தெளிவில்லை’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக் கத்தியை எடுக்கக் கூடாது, முடிந்தால் நோய் வந்தவரை முதலில் சோதியுங்கள் என்றார். சோதித்தோம். அத்தையிடம் அந்த மாற்றமே இல்லை. அதோடு வேறு தரவுகளும் சேர்ந்து, ‘பெரும்பாலும் தீங்கற்றது’ என்று வகை மாறிவிட்டது. குடும்பத்தில் நோய் இருப்பது இருப்பதுதான், ஆகவே அக்கா பரிசோதனைகளை விடப்போவதில்லை.

வட்டமும் சதுரமுமாக எங்கள் வம்சாவளியை வரைந்து, இறந்தவர்கள்மேல் சாய்கோடு போட்டபோது ஒவ்வொரு முறையும் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போட்ட மரபணு ஆலோசகருக்கு நன்றி. விளக்கை அணைக்கக் காத்திருந்தும் எங்களை விரட்டாத அரங்கப் பணியாளர்களுக்கும், ராத்திரியில் போனை எடுத்தவர்களுக்கும், எதையும் கேட்காமல் கூட வந்தவர்களுக்கும்தான். யாரையாவது விட்டிருந்தால் உரிமையோடு கோபித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த உரைகளுக்குச் சீட்டு வாங்கும் வேலையை எனக்குக் கொடுங்கள். பெயர் எழுத வேண்டாம், உறவுமுறை மட்டும் போதும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியே சீட்டைக் கொடுப்பேன்.

அப்புறம், அந்த அம்மாவைத் தெரிந்தவர்கள் இந்தக் கடிதத்தை அவரிடம் சேர்த்துவிடுங்கள். சீட்டு விஷயத்தை அக்கா நேற்றுதான் அத்தையிடம் சொன்னாள். அவரைப் பார்க்க வேண்டும் என்கிறார் அத்தை.