பட்டங்களுக்கு நடுவே விட்டுப்போனது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பெருங்குடல், மலக்குடல் அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரின் பேட்டி படித்தேன். இதய டாக்டரும் மூளை டாக்டருமே மாறி மாறி வரும் பக்கத்தில் இவருக்கு இடம் கொடுத்ததற்கு நன்றி. ஆனால் பாதிப் பக்கத்தைப் பட்டங்களும் பதக்கங்களும் வெளிநாட்டுப் பயிற்சிகளும் எடுத்துக்கொண்டன. மனிதர் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன வேலை பார்க்கிறார் என்பது கடைசிவரை வரவே இல்லை. தருமபுரி மாவட்டத்தில் அறுவை சிகிச்சை வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ் நான். அதனால் எழுதுகிறேன்.

ஹவுஸ் சர்ஜன் காலத்தையும் சேர்த்து எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, பொது அறுவை சிகிச்சையில் எம்.எஸ். 3 ஆண்டு, அதற்கும் மேலே குடல் அறுவை சிகிச்சையில் எம்.சிஎச். என்கிற உயர் சிறப்புப் படிப்பு 3 ஆண்டு. ஒவ்வொரு படிக்கும் ஒரு நீட். எங்கும் தடங்கல் இல்லாமல் போனாலே பதினொன்றரை ஆண்டு. அப்புறம்தான் பெருங்குடலுக்கென்று தனிப் பயிற்சி. இவ்வளவு எதற்கு என்று பிளஸ் டூ படிக்கும் பிள்ளை கேட்டால் அந்தப் பேட்டியில் பதில் இல்லை.

பதில், உடம்பில் அந்தக் குடல் இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது. மலக்குடல் ஒரு சாண் நீளம்கூட வராது. இடுப்பெலும்புக் குழியின் அடியில், சிறுநீர்ப் பாதையையும் கருப்பையையும் ஒட்டிக் கிடக்கிறது. சிறுநீர் கழிக்கவும் தாம்பத்தியத்துக்கும் வேண்டிய நரம்புகள் பக்கத்திலேயே ஓடுகின்றன. புற்றுக்கட்டியை மிச்சமில்லாமல் எடுக்க வேண்டும்; நரம்பும் பிழைக்க வேண்டும், மலத்தை அடக்கும் சுருக்குத் தசையும் பிழைக்க வேண்டும். 1908இல் லண்டன் மருத்துவர் எர்னஸ்ட் மைல்ஸ் எழுதிய முறையில் மலக்குடலோடு ஆசனவாயையும் எடுத்துவிட்டு, மலம் வெளியேற வயிற்றில் நிரந்தரமாக வழி வைத்துவிடுவார்கள். 1982இல் பில் ஹீல்ட் என்பவர், மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையைக் கிழியாமல் முழுசாக எடுத்தால் கட்டி திரும்ப வருவது குறைகிறது என்று காட்டினார். இன்று நிறைய பேருக்கு ஆசனவாயைக் காப்பாற்ற முடிகிறது. அந்த உறையின் ஓரம் பார்த்துப் போகக் கை பழகுவதற்குத்தான் அத்தனை வருஷம்.

இது ஏதோ வெளிநாட்டுச் சரக்கும் இல்லை. குடல் அறுவை சிகிச்சைக்கென்று தனித் துறையையும் எம்.சிஎச். படிப்பையும் சென்னை மருத்துவக் கல்லூரியில் தொடங்கியவர் டாக்டர் என். ரங்கபாஷ்யம். அவர் பெயரை ஒரு வரியில் சேர்த்திருக்கலாம்.

சரி, எங்கள் ஊர்ப் பக்கம் வருகிறேன். 'மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் நிரந்தரக் குணம்' என்ற நோட்டீஸ் ஒட்டாத பஸ் ஸ்டாண்டு சுவர் இங்கே உண்டா? மலத்தில் ரத்தம் என்றால் மூலம், மூலம் என்றால் உடம்புச் சூடு. அதற்கு மோர், துத்திக்கீரை, கருணைக்கிழங்கு. இவற்றை நான் கேலி செய்யவில்லை, எங்கள் வீட்டிலும் சமைக்கிறோம். பவுத்திரத்துக்கு முறையாகப் படித்த ஆயுர்வேத மருத்துவர்கள் மருந்து பூசிய நூலைக் கட்டிச் செய்யும் காரநூல் சிகிச்சையும் நல்ல சிகிச்சைதான். சிக்கல் என்னவென்றால், உள்ளே விரல் விட்டுக்கூடப் பார்க்காமல் ஊசி போடுகிறவர்கள். அது மூலமா, வெடிப்பா, கட்டியா என்று பிரித்துச் சொல்வதிலிருந்துதான் இந்த நிபுணரின் வேலையே தொடங்குகிறது. பாலிப் என்கிற சின்ன முளை புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருஷம் வரை பிடிக்கும். அதற்குள் கொலோனோஸ்கோப்பியில், அதாவது கேமரா வைத்த குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பார்த்தால் அங்கேயே கிள்ளி எடுத்துவிடலாம். எங்கள் வார்டுக்கு வந்த பெண்களில் பலர் அந்தக் காலத்தை வெட்கத்திலேயே கழித்திருந்தார்கள். புருஷனிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"நாங்க களி திங்கிறவங்க, எங்களுக்குக் குடல் புற்று எப்படி வரும்?" என்று கேட்பவர்களும் உண்டு. கேழ்வரகின் நார்ச்சத்து குடலுக்கு நல்லதுதான். ஆனால் களி தின்றால் வராது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் எங்கள் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சர்க்கரை, ரத்தக் கொதிப்புக்கு வீடு தேடி வருகிறார்கள். ஆனால் தேசிய அளவிலான புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றுதான், குடல் இல்லை. ஆகவே இதை வாயைத் திறந்து நாமாகத்தான் சொல்ல வேண்டும். அதற்கு உங்கள் மாதிரிப் பத்திரிகைகள் உதவலாம். மலத்தில் ரத்தம், நாள்பட மாறிப்போன மலப்போக்கு, காரணம் தெரியாத சோகை, எடைக் குறைவு இருந்தால், முதலில் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பொது அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம், அங்கிருந்து சேலத்துக்கோ வேலூருக்கோ அனுப்புவார்கள் என்று பேட்டி பக்கத்திலேயே ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தால், பதக்கப் பட்டியலைவிட உபயோகமாக இருந்திருக்கும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துப் போகச் சொல்லியும் எழுதுங்கள்.

பேட்டியின் அடுத்த பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் கொலாஸ்டமி பை, அதாவது வயிற்றில் வைத்த வழியில் மலம் சேர ஒட்டும் பை பற்றி அவரிடம் அவசியம் கேளுங்கள். வயிற்றில் பை வைத்துக்கொண்டு காட்டு வேலைக்கும் கல்யாணத்துக்கும் போய்வர முடியுமா, வெயில் காலத்தில் தோல் புண்ணாகாமல் எப்படி ஒட்டுவது, பை எங்கே கிடைக்கும் என்பதெல்லாம்தான் வார்டில் எங்களைக் கேட்பார்கள். டாக்டருக்கு நேரம் இல்லையென்றால் அவர் பிரிவில் பை மாற்றிவிடும் நர்ஸைக் கேளுங்கள். அவர் விவரமாகச் சொல்வார்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.