முயல் கதையின் மறுபாதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், எந்தக் கிருமியும் நாளடைவில் சாதுவாகிவிடும், அது இயற்கையின் விதி என்று இருந்தது. அதற்கு உதாரணம் ஆஸ்திரேலிய முயல்கள். பிளஸ் டூவுக்குப் பெரும மதிப்பு, சிறும மதிப்பு நடத்தும்போதெல்லாம் நான் எடுக்கும் கணக்கு அது. அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

1950இல் முயல்களை ஒழிக்க அங்கே மிக்சோமா வைரஸைப் பரப்பினார்கள். முதலில் நூற்றுக்கு 99 முயல் செத்தது. சில ஆண்டுகளில் வைரஸின் வீரியம் குறைந்ததை ஆஸ்திரேலிய வைரஸ் ஆய்வாளர் ஃபிராங்க் ஃபென்னர் கண்டார். இதுவரை சரி. ஆனால் பிறகு அதிகம் பரவிய நடுத்தர வகையும், அந்த வைரஸுக்குப் பழக்கமில்லாத முயல்களில் நூற்றுக்கு 70 முதல் 95 வரை கொல்லும். இதையா சாது என்பது?

கொசு முயலின் தோல் புண்ணில் குத்தி, வாயில் ஒட்டிய வைரஸோடு அடுத்த முயலுக்குப் போகிறது. கடும் வகையில் புண் நிறைய வைரஸ், ஆனால் முயல் 13 நாளுக்குள் செத்துவிடும். மென்மையான வகையில் முயல் பிழைக்கும், புண்ணில் வைரஸ் குறைவு, சீக்கிரம் ஆறியும் விடும். ஒரு நாளில் தொற்றும் அளவை, நோயோடு வாழும் நாட்களால் பெருக்கினால், வைரஸ் மிக அதிகம் பரவும் உச்சி, கடுமைக்கும் மென்மைக்கும் நடுவில் வருகிறது. ராய் ஆண்டர்சன், ராபர்ட் மே என்ற இரு விஞ்ஞானிகள் 1982இல் இதைச் சமன்பாடாகவே எழுதிக் காட்டினார்கள்.

போன வருடம் கரும்பலகையில் அந்த வளைவரையை வரைந்தபோது கடைசி பெஞ்ச் மாணவி ஒருத்தி எழுந்து, "டீச்சர், முயலும் மாறுமே, அப்போ உச்சி நகராதா?" என்றாள். எனக்குச் சிலிர்த்துவிட்டது. நகரும்! ஆஸ்திரேலியாவின் யூரானா ஏரிப் பக்கம் ஒவ்வொரு நோய் அலைக்குப் பிறகும் காட்டு முயல்களைப் பிடித்து, ஒரே வகை வைரஸை ஏற்றிப் பார்த்தார்கள். ஏழு அலைக்குள் சாவு நூற்றுக்கு 90இலிருந்து சுமார் 25க்கு இறங்கியது. முயலின் எதிர்ப்புச் சக்தி கூடக் கூட, மென்மையான வைரஸ் அதன் உடம்பில் தாக்குப்பிடிக்காது. உச்சி கடுமையின் பக்கம் போகும். 1990களில் சேகரித்த வைரஸ்களில் சில, ஆய்வக முயல்களின் எதிர்ப்புச் சக்தியையே குலைத்துக் கொன்றன.

'இயற்கையின் விதி' என்ற வரியைத் திருத்தி, முயல் மாறிய கதையையும் அடுத்த ஞாயிறு போடுங்கள். பிள்ளைகள் உங்கள் கட்டுரையை வெட்டி வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் இடம் விட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை, மன்னார்குடி