கடலூர் மாவட்டக் கணித ஆசிரியர்களுக்கு: எஸ்.எஸ். பிள்ளைக்கு ஒரு பாடவேளை

அன்புள்ள ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நம் மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் முப்பத்தோரு வருடம் கணக்குப் பாடம் எடுத்தவன் நான். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. இப்போது சாயங்காலம் ஆனால் தெருப்பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் நோட்டோடு வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். அவர்களோடு இருந்தபோது எனக்கு உறைத்த ஒன்றை உங்களிடம் சொல்லத்தான் இந்த மடல்.

அந்த முப்பத்தோரு வருடத்தில் ஒரு நாள்கூட எஸ்.எஸ். பிள்ளை என்ற கணித அறிஞரின் பெயரை நான் வகுப்பில் சொன்னதில்லை. பெயர் தெரியாமல் இல்லை. எம்.எஸ்சி. படிக்கும்போதே எண்ணியல் தாளுக்காகப் படித்த பெயர்தான். ஆனால் அந்த மனிதர் தன் மிகப் பெரிய வேலையைச் செய்தது இங்கே, கடலூரிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் போய் இறங்கிவிடக்கூடிய சிதம்பரத்தில் என்று நான் படித்த புத்தகம் சொல்லவில்லை. நானும் தேடிப் பார்க்கவில்லை. என் மாணவர்களுக்கு நான் வைத்த குறை அது. உங்கள் மாணவர்களுக்கு அது நேரக்கூடாது.

சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை 1901 ஏப்ரல் 5 அன்று குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லத்தில் பிறந்தார். ஒரு வயதுக் குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தார். பள்ளிப்படிப்பு முடிகிற சமயத்தில் தந்தையும் போய்விட்டார். படிப்பு அத்தோடு நின்றிருக்க வேண்டியது. கைகொடுத்தவர் சாஸ்திரியார் என்ற அவருடைய பள்ளி ஆசிரியர். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிடுவேன். சாஸ்திரியார் என்ன கண்டுபிடித்தார், எந்தத் தேற்றத்தை நிறுவினார் என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஒரு பையன் பள்ளியை விட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். நம்மில் பலர் சத்தமில்லாமல் செய்துகொண்டிருப்பதும் அதைத்தானே.

பிறகு நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆனந்தராவ், வைத்தியநாதசுவாமி ஆகியோரிடம் ஆராய்ச்சி. 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அந்த வருடமே விரிவுரையாளராக வந்து சேர்ந்தார். வயது 28. 1941 வரை பன்னிரண்டு வருடம், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்துச் சிதம்பரம்தான் அவருக்கு ஊர்.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லலாம். நான் சொல்லிப் பார்த்தேன். பண்ருட்டியிலிருந்து வந்த முந்திரிக்கொட்டை ஒரு பை வீட்டில் இருந்தது. ஏழு கொட்டையை எடுத்து வைத்து, இதை வர்க்க எண்களாகப் பிரி, ஆனால் கூறு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்றேன். ஒன்பது வைக்க முடியாது, ஏழுதான் இருக்கிறது. ஆகவே ஒரு நான்கு, மூன்று ஒன்று. மொத்தம் நான்கு கூறு. மூன்று கூறில் முடியாது. அடுத்து 23 கொட்டை, இந்த முறை கன எண்கள். 27 வைக்க முடியாது. இரண்டு எட்டு, ஏழு ஒன்று. ஒன்பது கூறு. நான்காம் அடுக்குக்கு 79. 81 வைக்க முடியாது. நான்கு பதினாறு, பதினைந்து ஒன்று. பத்தொன்பது கூறு. இதற்குள் ஒரு பையன், "எல்லாமே மூணோட அடுக்குக்குக் கொஞ்சம் கீழயே வருது சார்" என்றான். நான் எதுவும் சொல்லாமல் அவன் கண்ணில் பட்டது அது.

1770-ல் இங்கிலாந்தில் எட்வர்ட் வாரிங் என்பவர் எழுதி வைத்தது இதுதான்: எந்த எண்ணையும் நான்கு வர்க்கங்களுக்குள், ஒன்பது கனங்களுக்குள், பத்தொன்பது நான்காம் அடுக்குகளுக்குள் கூட்டிக் காட்டலாம், மேலே உள்ள அடுக்குகளுக்கும் இப்படி ஒரு எல்லை உண்டு. நிரூபணம் தரவில்லை. வர்க்கத்துக்கு லக்ராஞ்ச் அதே வருடம் நிறுவினார். எல்லா அடுக்குகளுக்கும் ஏதோ ஓர் எல்லை இருக்கிறது என்று 1909-ல் ஹில்பர்ட் காட்டினார். அது சரியாக எத்தனை என்பது மிச்சம் இருந்தது. ரஷ்யாவில் வினோகிராதவ் புதிய வழிமுறைகளைக் கொண்டுவந்தபின், 1936-ல் இரண்டு பேர் தனித்தனியாக விடையைச் சொன்னார்கள். ஒருவர் சிகாகோவில் டிக்சன். இன்னொருவர் சிதம்பரத்தில் பிள்ளை. அவருடைய கட்டுரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சொந்த ஆய்விதழில்தான் வந்தது.

விடையை நம் பிள்ளைகளின் மொழியிலேயே சொல்லலாம். கனத்துக்கு 27-ஐ 8-ஆல் வகுத்தால் ஈவு 3. எட்டும் மூன்றும் பதினொன்று, இரண்டைக் கழித்தால் ஒன்பது. எந்த அடுக்கானாலும் மூன்றின் அடுக்கை இரண்டின் அடுக்கால் வகுத்து, ஈவோடு இரண்டின் அடுக்கைக் கூட்டி, 2 கழிக்க வேண்டும். ஏழாம் அடுக்கிலிருந்து மேலே பிள்ளையும் டிக்சனும் நிறுவியது இதைத்தான். ஒரு நிபந்தனை உண்டு: ஈவும் மீதியும் சேர்ந்து இரண்டின் அடுக்கைத் தாண்டக்கூடாது. தாண்டுகிற அடுக்கு எதுவும் இன்றுவரை அகப்படவில்லை.

அதற்குக் கீழே ஆறாம் அடுக்கு தனியாக முரண்டு பிடித்தது. 1940-ல் அதையும் பிள்ளை முடித்தார். விடை 73. கரும்பலகையில் 703 என்று எழுதுங்கள். மூன்றின் ஆறாம் அடுக்கு 729, அது பெரிது. ஆகவே 64-ம் 1-ம் மட்டுந்தான் கைவசம். பத்து 64 போனால் மீதி 63 ஒன்றுகள். ஆக 73. இதை எட்டாம் வகுப்புப் பெண் போட்டுவிடுகிறாள். ஆனால் இதனால் தெரிவது 73-க்குக் குறையாது என்பது மட்டுமே. எந்த எண்ணுக்கும் 74 தேவைப்படாது என்பதுதான் கணக்கின் மறுபாதி. பிள்ளை உழைத்தது அந்தப் பாதிக்கு. ஐந்தாம் அடுக்கு 1964-ல்தான் சீனத்துச் சென் ஜிங்ருன் கையில் முடிந்தது. நான்காம் அடுக்குக்கு வாரிங் சொன்ன அந்தப் பத்தொன்பதை 1986-ல் நம் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்து ஆர். பாலசுப்பிரமணியனும் பிரான்சின் தெஸ்ஸுயே, த்ரெஸ் இருவரும் சேர்ந்து நிறுவினார்கள். அவற்றையெல்லாம் முந்திக்கொண்டு முடிந்தது சிதம்பரத்து 73.

பத்தாம் வகுப்புக்கு வேறொன்று இருக்கிறது. அடுத்தடுத்த எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறோ அதற்குக் குறைவாகவோ எடுத்தால், மற்ற எல்லாவற்றோடும் சார்பகா எண்ணாக (அதாவது 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாமல்) இருக்கும் ஓர் எண்ணாவது அதில் கட்டாயம் இருக்கும். பதினேழு எடுத்தால் அந்த உறுதி போய்விடும். இதுவும் பிள்ளையின் தேற்றம்தான். 2184 முதல் 2200 வரை எழுதிப் போட்டுப் பிள்ளைகளை விட்டுவிடுங்கள். 2189 தப்பிவிடும் போலத் தோன்றும், 11 வந்து பிடித்துக்கொள்ளும். 2197-ஐப் பகா எண் என்றே நினைப்பார்கள், பதின்மூன்றின் கனம் அது. ஒவ்வொன்றாக மாட்டும்போது வகுப்பில் எழும் சத்தத்தை நீங்களே கேட்க வேண்டும்.

சிதம்பரத்தை விட்ட பிறகு திருவிதாங்கூர், பிறகு கல்கத்தாப் பல்கலைக்கழகம். 1950-ல் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் ஒரு வருடத்துக்கு அழைத்தது. ஹார்வர்டில் நடந்த அகில உலகக் கணித மாநாட்டுக்கும் போக வேண்டியிருந்தது. கெய்ரோவிலிருந்து கிளம்பிய விமானம் ஆகஸ்ட் 31 அன்று எகிப்துப் பாலைவனத்தில் விழுந்தது. அதில் இருந்த 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. மாநாடு முந்தின நாள்தான் தொடங்கியிருந்தது. அவருக்கு வயது 49.

ராமானுஜன் படத்துக்கு டிசம்பர் 22-ல் பூ வைப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. அவரும் நமக்கு அந்நியர் இல்லை. வேலை தேடி நோட்டுப்புத்தகத்தோடு அவர் போய் நின்றது அன்றைய தென்னார்க்காட்டின் திருக்கோவிலூரில், அங்கே டெப்டி கலெக்டராக இருந்த ராமசுவாமி ஐயர் முன்னால். ஆனால் அந்தத் தேதியில் அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருக்கும், இல்லையென்றால் அப்போதுதான் முடிந்திருக்கும். ஒரு பேச்சு, ஒரு கோலப்போட்டி, அதோடு சரி. பிள்ளை பிறந்த ஏப்ரல் 5 இன்னும் மோசம், முழுத்தேர்வு வேளை. ஆகஸ்ட் 31 அப்படி இல்லை. காலாண்டுத் தேர்வுக்கு நாள் இருக்கும், பிள்ளைகள் நிதானமாக இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் திங்கட்கிழமை வைத்துக்கொள்ளலாம்.

நான் கேட்பது ஒரே ஒரு பாடவேளை. மேடை வேண்டாம், மைக் வேண்டாம், சிறப்பு விருந்தினர் வேண்டாம். முந்திரிக்கொட்டையோ புளியங்கொட்டையோ நூறு இருந்தால் போதும். இவர் நம் மாவட்டத்தில் பன்னிரண்டு வருடம் இருந்தவர் என்று ஒரு வரி சொல்லுங்கள், சாஸ்திரியாரைப் பற்றி இன்னொரு வரி. மீதி நேரம் முழுக்கக் கணக்குப் போடட்டும். சிதம்பரம், பரங்கிப்பேட்டைப் பக்கத்து ஆசிரியர்களை இன்னும் உரிமையோடு கேட்கிறேன், அவர் உங்கள் ஊர்க்காரர்.

73 வந்த அன்று என் திண்ணையில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "74 தேவைப்படற நம்பர் எங்கயோ தூரத்துல இருந்தா?" என்று கேட்டாள். அது இல்லை என்று நிறுவத்தான் அந்த மனிதர் அவ்வளவு பாடுபட்டார் என்றேன். எப்படி நிறுவினார் என்றாள். எனக்குத் தெரிந்த அளவு சொன்னேன், அவளுக்குப் போதவில்லை. உங்கள் வகுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளையின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
கடலூர் முதுநகர்