கிஃப்ட் ங்கோபேயைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் கிரிக்கெட், கால்பந்து, ரக்பி எல்லாம் வருகிறது, சரி, பேஸ்பால் பற்றி ஒரு வரிகூடக் காணோமே! ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவின் உச்சநிலை பேஸ்பால் போட்டியான மேஜர் லீகில் ஆடிய முதல் வீரர் கிஃப்ட் ங்கோபே நம் தென்னாப்பிரிக்கப் பையன். ஜோகன்னஸ்பர்க் பக்கத்து ராண்ட்பர்க்கில் அம்மா வேலை பார்த்த பேஸ்பால் கிளப்பிலேயே ஒரு சின்ன அறையில் வளர்ந்தவர், 2017 ஏப்ரல் 26 அன்று பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்காகக் களமிறங்கினார். எதிரே பந்து வீசியவர் சாதாரண ஆள் இல்லை, முந்தைய ஆண்டு மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்ற சிகாகோ கப்ஸ் அணியின் ஜான் லெஸ்டர், அவர் பந்தையே அடித்துவிட்டு, மட்டை பிடித்த முதல் வாய்ப்பிலேயே ஓடிப்போய் முதல் பேஸில், அதாவது மட்டையாளர் ஓடிச் சேர வேண்டிய முதல் இடத்தில், நின்றார்.

அதற்கு 70 ஆண்டுகளுக்கு முன்பு, 1947 ஏப்ரல் 15 அன்று, நவீன கால மேஜர் லீகின் முதல் கறுப்பின வீரராக ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் ஆட வந்தார். வசவு, மிரட்டல் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு அந்த ஆண்டே சிறந்த புதுமுக வீரர் விருதையும் வாங்கினார். தோல் நிறத்தைப் பார்த்து மைதானத்தைப் பிரித்துவைத்த காலத்தில் டர்பனில் வளர்ந்த எனக்கு இது வெறும் விளையாட்டுச் செய்தி இல்லை.

என் பேரப்பிள்ளைகளுக்கு ராபின்சனைத் தெரிகிறது, ங்கோபேயைத் தெரியவில்லை, இதுதான் பொறுக்கவில்லை. படத்தோடு அரைப்பக்கமாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்