மாணவர் சலுகைகள்: அக்டோபர் 4-க்குள் செய்ய வேண்டியவை

லண்டன் தமிழ் மாணவர் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

தேசிய மாணவர் ஒன்றிய அட்டையைக் காசு கொடுத்து வாங்கினால்தான் சலுகை கிடைக்கும் என்று புதிதாக வந்த பலர் எண்ணுகிறீர்கள், அது தேவையில்லை. வரும் சனிக்கிழமை (அக்டோபர் 4) மாலை 6 மணிக்கு ஜூம் வழியே விளக்குகிறோம். அதற்கு முன்:

1. மாணவர் தள்ளுபடி தரும் யூனிடேஸ், ஸ்டூடண்ட் பீன்ஸ் ஆகிய இரு தளங்களிலும் பல்கலைக்கழக மின்னஞ்சலைக் கொண்டு இலவசமாகப் பதிவு செய்யுங்கள்.

2. கடைகளில் பில் போடும் முன்பே பல்கலைக்கழக அடையாள அட்டையைக் காட்டிக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

3. 16-25 வயதினருக்கான ரயில் அட்டை, ரயில் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கும். 26 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களும் முழுநேர மாணவர்களாயின் பெறலாம். ஆனால் முழுநேர மாணவர் என்பதைப் பல்கலைக்கழகம் உறுதிப்படுத்த வேண்டும். சுரங்க ரயில் நிலைய ஊழியரிடம் சொல்லி இந்த ரயில் அட்டையை ஆய்ஸ்டர் அட்டையுடன் (லண்டன் பொதுப் போக்குவரத்துக் கட்டண அட்டை) இணைத்துக்கொண்டால், நெரிசலற்ற நேரப் பயணத்திலும் அதே தள்ளுபடி கிடைக்கும்.

4. தினமும் பயணம் செய்வோர் 18+ மாணவர் ஆய்ஸ்டருக்கு விண்ணப்பியுங்கள். வார, மாதப் பயணச்சீட்டுகளில் 30% குறையும்.

5. எல்லாவற்றையும்விட முக்கியமானது கவுன்சில் வரி (குடியிருக்கும் வீட்டுக்கு உள்ளூராட்சி விதிக்கும் வரி). வீட்டில் உள்ள அனைவரும் முழுநேர மாணவர்களானால் முழு விலக்கு உண்டு என்பதால், பல்கலைக்கழகச் சான்றிதழைப் பெற்று உள்ளூர் கவுன்சிலுக்கு உடனே அனுப்புங்கள். வரிக் கடிதம் வந்திருந்தால் அதைப் புறக்கணிக்க வேண்டாம்.

கூட்டத்துக்கு வருவோர் வியாழன் இரவுக்குள் பெயரையும், மேலே உள்ளவற்றில் உதவி தேவைப்படும் குறிப்பின் எண்ணையும் (1-5) இங்கே பதிலிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

— ஒருங்கிணைப்பாளர்