தொட்டியில் ஒரு சைக்கமோர்

நியூகாசில், இங்கிலாந்து,
நவம்பர் 9, 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலமும் அம்மா நலமும் அறிய ஆவல்.

போன வாரம் போனில் நான் "சைக்கமோர்" என்றதும், "சைக்கிள் மோட்டாரா? அது எதுக்கும்மா உனக்கு?" என்று கேட்டீர்கள். பின்னால் அம்மா சிரித்தது இங்கே வரை கேட்டது. உங்கள் காதில் கத்துவதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நைட் டியூட்டி முடிந்து வந்தேன், தூக்கமும் வரவில்லை.

அது ஒரு மரம் அப்பா. வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் முற்றத்தில் தொட்டியில் நிற்கிறது. இப்போது என் நெஞ்சு உயரம். நான் வைக்கவில்லை, தானாக வந்தது. வந்த புதிதில் கறிவேப்பிலைச் செடி ஒன்று வாங்கினேனே, அது முதல் குளிரிலேயே கருகிப் போனது. தொட்டியைக் கொட்ட மனசில்லாமல் அப்படியே விட்டிருந்தேன். 2023 ஏப்ரலில் பார்த்தால் அதில் நாக்கு மாதிரி நீளமாக இரண்டு இலை. அடுத்து வந்தவை ஓரத்தில் பல் வெட்டின இலைகள். அதற்கப்புறம் வந்த இலைகளைப் பார்த்தால் நீங்கள் பருத்தி என்றே சொல்வீர்கள்: ஐந்து மடல், சிவப்புக் காம்பு.

அடுத்த தெருவில் இதன் பெரிய மரம் இருக்கிறது. காய் ஜோடி ஜோடியாக இறக்கை வைத்திருக்கும். இலையுதிர் காலத்தில் காற்றடித்தால் விசிறி மாதிரிச் சுற்றிக்கொண்டே வந்து விழும். பிள்ளைகள் அதை ஹெலிகாப்டர் என்கிறார்கள். அப்படி ஒன்று நம் கறிவேப்பிலைத் தொட்டியில் இறங்கிவிட்டது. குளிரில் இரண்டு மூன்று மாதம் கிடந்தால்தான் அந்த விதை முளைக்குமாம். கறிவேப்பிலையைக் கொன்ற அதே குளிர்!

பெயரைக் கேட்டதும் எனக்கு சண்டே ஸ்கூல்தான் ஞாபகம் வந்தது. சகேயு ஏறின காட்டத்தி மரத்துக்கு ஆங்கில பைபிளில் இதே பெயர்தான். அம்மாவிடம் சொன்னால் ஜெபக் கூட்டம் முழுக்கச் சொல்லிவிடுவார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த மரம் வேறு, இது வேறு. அது அத்தி ஜாதி, இது மேப்பிள் ஜாதி. பெயர் மட்டும் ஒன்று.

பக்கத்து வீட்டுப் பெரியவர் பார்த்துவிட்டு, "அது களை, பிடுங்கிப் போடு" என்றார். தோட்டத்தில் விட்டால் முப்பது மீட்டருக்கு மேல் போகும், ஒன்று நூறாகும் என்றார். வெளியிலிருந்து கொண்டுவந்த மரமாம். நானூறு ஐந்நூறு வருடமாகியும் இதைச் சொந்த மரமாக ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்களாம். நான் எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டேன்.

வளர்ப்பு ஒன்றும் சுலபமில்லை. கோடையில் தினமும் தண்ணீர் கேட்கும். மூன்று நைட் டியூட்டி சேர்ந்தாற்போல் வந்து ஊற்ற மறந்தால், இலை ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி மொறுமொறுத்துவிடும். ஜூனில் அசுவினி வந்தது. பருத்தியில் வருமே, அந்த மாதிரிதான். இலையெல்லாம் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. நீங்கள் செய்வதுபோல் சோப்புத் தண்ணீர் அடித்தேன், கேட்டது. ஆகஸ்டில் இலையில் தார் சொட்டின மாதிரிக் கரும்புள்ளிகள். பயந்துபோய்ப் பெரியவரிடம் காட்டினேன். ஒருவகைப் பூஞ்சைதான், மரத்துக்கு ஒன்றும் ஆகாது என்றார். அவர் சின்ன வயதில் ஊர் முழுக்க நிலக்கரிப் புகை. அந்தக் கந்தகக் காற்றில் இந்தப் பூஞ்சை பிழைக்காதாம். புள்ளி வந்தால் காற்று சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமாம். நோயைப் பார்த்துச் சந்தோஷப்படச் சொன்ன ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பெரிய தப்பு நடந்தது முதல் குளிர்காலத்தில். இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சியாக நின்றது. "பாவம், உள்ளே எடுத்து வை" என்று சொன்னது நீங்கள்தான், ஞாபகம் இருக்கிறதா? ஜனவரியில் ஹீட்டர் பக்கத்தில் வைத்தேன். இரண்டு வாரத்தில் மொட்டு விரிந்து, வெளிறிப்போய், வெற்றிலைக் கொழுந்து மாதிரி இலைகள். மறுபடி வெளியே வைத்ததும் எல்லாம் கருகிவிட்டது. செத்தே போனது என்று நினைத்தேன். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தேன், உள்ளே பச்சை. மே மாதம் மறுபடி துளிர்த்தது. இதற்குக் குளிர்தான் தூக்கம், அப்பா. நாம் எழுப்பக் கூடாது. இப்போதெல்லாம் வெளியிலேயேதான் விடுகிறேன். மண்தொட்டி உறைபனியில் விரிசல் விட்டதால் பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றி, இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்துச் சாக்கு சுற்றியிருக்கிறேன்.

இங்கிருந்து ரயிலில் ஹெக்ஸாம் போய் பஸ் மாறினால் ரோமானியர்கள் கட்டின ஹாட்ரியன் சுவர் வரும். கி.பி. 122-இல் கட்ட ஆரம்பித்தது, பஸ் நம்பரும் ஏ.டி.122 தான். அங்கே இரண்டு மேட்டுக்கு நடுவில் பள்ளத்தில் தனியாக ஒரு சைக்கமோர் நின்றது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட மரம். 2023 செப்டம்பரில் ராத்திரியோடு ராத்திரியாக இரண்டு பேர் ரம்பத்தால் அறுத்துப் போட்டுவிட்டார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் இதே பேச்சு. ஒரு மரத்துக்கா இப்படி என்று எனக்கு ஆச்சரியம். இந்த ஜூலையில் இருவருக்கும் நான்கு வருடம் மூன்று மாதம் ஜெயில். நாலுவழிச் சாலைக்காக நம் பக்கம் எத்தனை புளியமரம் போனது, நினைத்துப் பாருங்கள். அந்த சைக்கமோரின் வெட்டின அடிமரத்தில் துளிர் வந்திருக்கிறது. அதன் விதையிலிருந்து வளர்த்த கன்றுகளை 49 இடங்களுக்குக் கொடுக்கிறார்கள். மரத்தின் உயரம் 49 அடி, அந்தக் கணக்கு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தொட்டி அடியில் வேர் எட்டிப் பார்க்கிறது. வாடகை வீடு, தரையில் எதுவும் நடக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. பிப்ரவரி கடைசியில், மொட்டு விரிவதற்கு முன்னால், வெளியே எடுத்து வேரைக் கழித்து, புது மண் போட்டு மறுபடி வைக்க வேண்டும். கிணற்றடியில் எலுமிச்சைக் கன்றை இடம் மாற்றினீர்களே, அப்போது ஆணிவேரை அறுத்தீர்களா, அப்படியே விட்டீர்களா? மூன்றில் ஒரு பங்கு வேரை எடுக்கலாம் என்று இங்கே சொல்கிறார்கள். எனக்குக் கை வரவில்லை.

பதிலை போனில் சொல்ல வேண்டாம். தாளில் எழுதுங்கள், அம்மா படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். காது மெஷினுக்கு அனுப்பின பணத்தில் காது மெஷின்தான் வாங்க வேண்டும், பூச்சிமருந்து அடிக்கிற மெஷின் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் சின்ன மகள்