பின்கட்டு வள்ளிக்கு

அன்புள்ள ராமு,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இத்தனை மாதமாக ஒரு வரிகூட இல்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு, ஆனால் இதை முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

உயில் எழுதுகிறேன். பதறாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை.

வயல் பூர்வீகம். அதில் என் பங்கை மட்டும்தான் நான் எழுத முடியும். பெரியவனுக்கும் சின்னவளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு. தஞ்சாவூர் வீடு என் சுயார்ஜிதம், நானே சம்பாதித்தது. முன்கட்டு பிள்ளைகள் இருவருக்கும் சரிபாதி. பின்கட்டு வள்ளிக்கு. வீட்டு வேலையெல்லாம் அவள்தானே பார்க்கிறாள். இங்கேதான் பேச்சு வளர்ந்தது.

"ரொக்கமாகக் கொடுத்துவிடலாமே அப்பா" என்றான் பெரியவன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அவள் கையில் பணம் தங்குமா? அவள் தம்பியை உனக்குத் தெரியாதா! சின்னவள் என் பக்கம். "ரத்தன் டாடாவே சமையல்காரருக்கும் வீட்டுப் பணியாளருக்கும் உயிலில் எழுதிவைத்தார் என்று பேப்பரில் வந்ததே" என்றாள். எனக்கு டாடாவெல்லாம் வேண்டாம். என் பானு படுக்கையில் கிடந்தபோது ராத்திரியில் எழுந்து புரட்டிப் படுக்கவைத்தது யார்? சம்பளம் அதற்கு ஈடாகுமா?

வக்கீல் கொண்டுவந்த நகலில், 'ஆயுள் பரியந்தம் குடியிருந்து அனுபவிக்கலாம், விற்கவோ அடமானம் வைக்கவோ பாத்தியமில்லை' என்று இருந்தது. கோபம் வந்துவிட்டது. அவள் கண்ணை மூடியதும் அவள் பேத்தி தெருவில் நிற்பதா? 'சர்வ சுதந்திரத்துடன்' என்று மாற்றச் சொன்னேன். நான்கெல்லை, சந்து வழியாகப் போய்வரும் பாத்தியம், கிணற்றுத் தண்ணீர், எல்லாம் எழுத்தில் வர வேண்டும் என்றேன். வழியில்லாத வீட்டைக் கொடுத்து என்ன பயன்?

இப்போதே அவள் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதி மாற்றிவிடலாமா என்றும் கேட்டேன். முத்திரைத் தீர்வைச் சலுகை குடும்பத்தாருக்குத்தானாம். உயிலுக்கு முத்திரைத் தாளே வேண்டாம். பதிவும் கட்டாயமில்லை. ஆனாலும் பதிவு செய்யப்போகிறேன். காரணம் இருக்கிறது. கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர் பெயருக்குச் சொத்து போனால், 'கிழவனை மயக்கி எழுதி வாங்கிவிட்டாள்' என்பார்கள். சொத்து பெறுகிறவரே உயில் தயாரிப்பில் முன்நின்றிருந்தால் அது சந்தேகத்துக்கு இடம் என்று உச்ச நீதிமன்றம் 1958-லேயே சொல்லியிருக்கிறது. நான் போன பிறகு அந்தப் பேச்சு அவள் காதில் விழக்கூடாது, ராமு. அதனால் அவளுக்கு இதுவரை ஒன்றும் தெரியாது. டாக்டரிடம் சான்றிதழ் வாங்குகிறேன். ஏன் கொடுக்கிறேன் என்பதையும் உயிலிலேயே என் வார்த்தையில் எழுதிவிட்டேன்.

சாட்சிகள் இரண்டு பேர் வேண்டும். நீ வேண்டாம், கோபித்துக்கொள்ளாதே. நாளைக்கு வழக்கு என்று வந்தால் சாட்சி உயிரோடு இருந்து கோர்ட்டில் சொல்ல வேண்டும். உனக்கும் எனக்கும் ஒரே வயது. உன் மகள் கையெழுத்துப் போடட்டும். இன்னொருவர் எதிர்வீட்டுப் பையன்.

தை பிறந்ததும் ஒரு வேலைநாளாகப் பார்த்து மகளோடு வா. அவள் ஆதார் அட்டையை மறக்க வேண்டாம். வள்ளி மீன்குழம்பு வைப்பாள், வால்துண்டுக்கு அவளோடு சண்டை போட்டுக்கொள். சாப்பிடும்போது மட்டும் வாய்தவறி எதையும் உளறிவிடாதே.

உன்,
மணி